மூழ்கிய பிறகும் எதிரியா? ஜெர்மன் நீர்மூழ்கிகள் எழுப்பிய நூறாண்டுக் கேள்வி

1914 செப்டம்பர் 22. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். அன்று ஒரே நாளில், உலகின் இரண்டு மூலைகளில், ஜெர்மன் கடற்படை இரண்டு தாக்குதல்களை நடத்தியது.

ஒன்று, சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த கதை. இரவில் மதராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்ற எம்டன் கப்பல், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு மழை பொழிந்துவிட்டு மறைந்தது. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றைக்கும் பேச்சுவழக்கில் சொல்கிறோமே, அந்த எம்டன்தான்.

இன்னொன்று, அதே நாள் காலையில் ஹாலந்து கடலோரத்துக்கு அப்பால் நடந்தது. யு-9 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, பிரிட்டனின் அபூக்கிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று பெரிய போர்க்கப்பல்களைச் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மூழ்கடித்தது. ஒவ்வொன்றும் 12,000 டன் எடை. நீர்மூழ்கியில் இருந்தவர்களோ முப்பது பேர்கூட இல்லை. செத்தவர்கள் 1,400-க்கும் மேல்.

இதில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை மட்டுமல்ல. முதலில் அடி வாங்கியது அபூக்கிர். அதிலிருந்து கடலில் குதித்தவர்களைக் காப்பாற்ற ஹோக் நின்றது, டார்பிடோ பாய்ந்தது. அடுத்து கிரெஸ்ஸி நின்றது, அதுவும் போனது. காப்பாற்ற நின்றதுதான் அந்த இரண்டு கப்பல்கள் செய்த 'தப்பு'.

அன்றிலிருந்து கடற்போரில் ஒரு பாடம் பரவியது: நிற்காதே, நின்றால் நீயும் சாவாய். அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்த ஒரு பாடம் எத்தனை ஆயிரம் உயிர்களைப் பலி வாங்கியது, அதைச் சட்டம் எப்படி எதிர்கொண்டது, இன்றைக்கும் அது ஏன் முக்கியம்? விரிவாகப் பார்க்கலாம்.

பழைய விதி என்ன?

நீர்மூழ்கிகள் வருவதற்கு முன்பே கடற்போருக்கென்று ஒரு ஒழுங்கு இருந்தது. எதிரி நாட்டு வணிகக் கப்பலைக் கண்டால் எச்சரித்து நிறுத்த வேண்டும். சோதனை போட வேண்டும். மூழ்கடிக்கத்தான் வேண்டும் என்றால், அதற்கு முன்பு அதிலுள்ள பயணிகளையும் ஊழியர்களையும் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற வேண்டும்.

சும்மா ஏட்டில் இருந்த விதி அல்ல இது. எம்டனின் கேப்டன் கார்ல் ஃபோன் முல்லர் வங்கக் கடலில் பிடித்த வணிகக் கப்பல்களை இப்படித்தான் கையாண்டார். ஊழியர்களை முதலில் இறக்கி வேறு கப்பலில் ஏற்றினார். அதன் பிறகே கப்பலை மூழ்கடித்தார். பிடிபட்டவர்களை ஒரு கப்பலில் மொத்தமாக ஏற்றிக் கரைக்கு அனுப்பியும் வைத்தார். எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரை மரியாதையாக எழுதியதற்கு இதுதான் காரணம்.

ஆக, போர் என்றாலே இரக்கத்துக்கு இடமில்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. விதிப்படி போர் செய்ய முடியும் என்பதை அதே கடற்படையின் அதிகாரி ஒருவர் செய்து காட்டியிருந்தார்.

நீர்மூழ்கியால் ஏன் முடியவில்லை?

நேர்மையாகப் பார்த்தால், நீர்மூழ்கிக்காரர்களின் சிக்கல் நிஜமானது.

முதலாவது, இடம். அந்தக் காலத்து நீர்மூழ்கி என்பது டார்பிடோவும் பேட்டரியும் டீசல் எஞ்சினும் அடைத்த ஒரு நீளமான இரும்புக் குழாய். சொந்த ஆட்களே நெருக்கியடித்துக்கொண்டு தூங்க வேண்டும். நூற்றுக்கணக்கான பயணிகளை எங்கே ஏற்றுவது?

இரண்டாவது, பலவீனம். தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரைதான் நீர்மூழ்கிக்குப் பலம். மேலே வந்துவிட்டால் சிறிய பீரங்கிக் குண்டேகூட அதை முடக்கிவிடலாம். வணிகக் கப்பல் வேகமாக வந்து மோதினாலே போதும். பிரிட்டன் தன் கப்பல்களுக்கு அப்படி மோதச் சொல்லி அறிவுறுத்தியும் இருந்தது.

மூன்றாவது, ஏமாற்று. சாதாரண வணிகக் கப்பல்போல வேடமிட்டு, பீரங்கிகளை மறைத்து வைத்திருக்கும் கப்பல்களைப் பிரிட்டன் கடலில் உலவவிட்டது. எச்சரிக்கை கொடுக்க நீர்மூழ்கி மேலே வந்ததும் மறைப்பு விலகும், பீரங்கி முழங்கும்.

இன்னொரு பின்னணியும் உண்டு. பிரிட்டன் தன் கடற்படையைக் கொண்டு ஜெர்மனிக்குப் போகும் உணவு உட்பட எல்லாச் சரக்குகளையும் மறித்தது. பதிலுக்கு ஜெர்மனி, 1915 பிப்ரவரியில் பிரிட்டனைச் சுற்றியுள்ள கடல் முழுவதையும் போர்ப் பகுதியாக அறிவித்தது. அங்கே வரும் எதிரி வணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்படும், பயணிகளின் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்றது.

'எங்களால் விதியைப் பின்பற்ற முடியாது' என்பதற்கும் 'அதனால் விதியே எங்களுக்கு இல்லை' என்பதற்கும் பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை ஜெர்மனி மூன்றே மாதங்களில் கடந்தது.

லூசிடானியா: 18 நிமிடங்கள்

1915 மே 1 அன்று நியூயார்க்கிலிருந்து லிவர்பூலுக்குக் கிளம்பியது லூசிடானியா. கூனார்ட் நிறுவனத்தின் பெருமைக்குரிய கப்பல். 31,000 டன்னுக்கும் மேல். 240 மீட்டர் நீளம். போர்ப் பகுதிக்குள் பிரிட்டிஷ் கப்பலில் பயணம் செய்வது அவரவர் பொறுப்பு என்று ஜெர்மன் தூதரகம் அமெரிக்கப் பத்திரிகைகளில் விளம்பரமே கொடுத்திருந்தது. ஆனாலும் மக்கள் ஏறினார்கள். இவ்வளவு பெரிய, இவ்வளவு வேகமான பயணிகள் கப்பலை யார் அடிக்கப் போகிறார்கள் என்பதுதான் எண்ணம்.

மே 7 மதியம், அயர்லாந்தின் தென்கரைக்கு அருகே, வால்டர் ஷ்வீகர் தலைமையிலான யு-20 எச்சரிக்கை ஏதுமின்றி ஒரே ஒரு டார்பிடோவை ஏவியது. அடுத்த சில விநாடிகளில் கப்பலுக்குள் இரண்டாவது வெடிப்பு. 18 நிமிடங்களில் கதை முடிந்தது. கப்பலில் இருந்தது 48 உயிர்காப்புப் படகுகள். பத்திரமாகக் கடலில் இறக்க முடிந்தது ஆறே ஆறு. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதால் மீதியை இறக்கவே முடியவில்லை. கிட்டத்தட்ட 1,960 பேரில் 1,198 பேர் இறந்தார்கள். அதில் 128 பேர் அமெரிக்கர்கள்.

லூசிடானியாவில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கித் தோட்டாக்கள் சரக்காக இருந்தது உண்மைதான். அதனால் அது நியாயமான இலக்குதான் என்பது ஜெர்மனியின் வாதம். சரக்கு எதுவாக இருந்தாலும் பயணிகளை எச்சரிக்காமல் அடித்தது கொலை என்பது பிரிட்டன், அமெரிக்காவின் வாதம். நூறு ஆண்டுகளாக இந்தப் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருக்கிறது.

பேசப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. தகவல் கிடைத்ததும் ஜூனோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் மீட்புக்காகக் கிளம்பியது. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே திருப்பி அழைக்கப்பட்டது. காரணம், அந்தப் பகுதியில் நீர்மூழ்கி இருக்கிறது என்ற பயம். அபூக்கிர், ஹோக், கிரெஸ்ஸி கொடுத்த பாடம் அது. கடைசியில் ஓடி வந்து தூக்கியவர்கள் மீன்பிடிப் படகுக்காரர்களும் சிறு கப்பல்காரர்களும்தான்.

எது உயிரைத் தீர்மானித்தது?

கப்பல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சாவு என்று நினைக்கத் தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

பிரிட்டானிக், 1916 நவம்பர்: டைட்டானிக்கின் தங்கைக் கப்பல். 48,000 டன். முதல் உலகப் போரில் மூழ்கிய மிகப் பெரிய கப்பல் இதுதான். யு-73 நீர்மூழ்கி கிரேக்கக் கடலில் போட்டு வைத்திருந்த கண்ணிவெடியில் சிக்கி 55 நிமிடங்களில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் இறந்தது 30 பேர். கரை பக்கத்தில் இருந்தது. படகுகளும் கப்பல்களும் வந்தன.

கார்பேத்தியா, 1918 ஜூலை: டைட்டானிக்கில் பிழைத்த எழுநூறு பேரை மீட்டுப் புகழ்பெற்ற அதே கப்பல். யு-55 மூன்று டார்பிடோக்களைப் பாய்ச்சியது. இறந்தது ஐந்து பேர். மற்றவர்களை ஸ்னோடிராப் என்ற பிரிட்டிஷ் கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது.

லேண்டோவரி காசில், 1918 ஜூன்: மருத்துவமனைக் கப்பல். அளவில் பிரிட்டானிக்கில் கால்பங்குகூட இல்லை. 258 பேரில் பிழைத்தது 24 பேர்.

வித்தியாசம் புரிகிறதா? டார்பிடோ கப்பலைத்தான் கொல்கிறது. அதிலிருந்த மனிதர்கள் பிழைப்பார்களா இல்லையா என்பது அதற்குப் பிறகு வரும் சில மணி நேரங்களில் முடிவாகிறது. யாராவது வந்தால் பிழைக்கிறார்கள். வராவிட்டால் குளிரும் தாகமும் கொல்கின்றன. லேண்டோவரி காசில் விஷயத்தில் நடந்ததோ இன்னும் மோசம்.

மறைக்கப் பார்த்த குற்றம்

லேண்டோவரி காசில் சிலுவைக் குறியோடும் விளக்குகளோடும் போய்க்கொண்டிருந்த மருத்துவமனைக் கப்பல். அதில் கனடாவைச் சேர்ந்த 14 செவிலியர்கள் இருந்தார்கள். அமெரிக்க விமானப் படையினரையும் வெடிமருந்தையும் அது ரகசியமாகக் கொண்டு போகிறது என்று சந்தேகப்பட்டு, யு-86 நீர்மூழ்கியின் தளபதி ஹெல்முட் பாட்சிக் அதை மூழ்கடித்தார். பிழைத்தவர்களைப் பிடித்து விசாரித்தார். அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்தது.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. செய்த தவறு வெளியே தெரியக் கூடாது என்று உயிர்காப்புப் படகுகள் மீது பீரங்கியால் சுட்டார்கள். பயணக் குறிப்பேட்டிலும் மாற்றி எழுதினார்கள். ஒரே ஒரு படகு தப்பியது. அந்தப் படகில் இருந்தவர்கள் வந்து சொன்னதால்தான் உலகத்துக்கு விஷயமே தெரிந்தது. 14 செவிலியர்களில் ஒருவர்கூட பிழைக்கவில்லை.

1921-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில், ஜெர்மன் நீதிபதிகளே இந்த வழக்கை விசாரித்தார்கள். பாட்சிக் சிக்கவில்லை. அவருக்குக் கீழே இருந்த டித்மார், போல்ட் என்ற இரண்டு அதிகாரிகள் கூண்டில் நின்றார்கள். 'மேலதிகாரி உத்தரவு போட்டார், செய்தோம்' என்பது அவர்கள் தரப்பு வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. நிராயுதபாணியாகப் படகில் இருப்பவர்களைக் கொல்வது குற்றம் என்பது சாமானியனுக்கும் தெரியும். அப்படிப்பட்ட உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததை மன்னிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆளுக்கு நான்கு ஆண்டு சிறை. இருவருமே கொஞ்ச காலத்தில் தப்பி ஓடிவிட்டார்கள். ஆள் தப்பினாலும் தீர்ப்பு நின்றது. இன்றுவரை உலகம் முழுக்க ராணுவச் சட்ட வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கப்படும் தீர்ப்பு அது.

கையெழுத்துப் போட்டதும் காற்றில் விட்டதும்

முதல் போர் முடிந்ததும் நாடுகள் உட்கார்ந்து பேசின. 1936-ல் லண்டனில் கையெழுத்தான நெறிமுறை தெளிவாகச் சொன்னது: நீர்மூழ்கிக்கும் அதே விதிதான். பயணிகளையும் ஊழியர்களையும் பாதுகாப்பான இடத்தில் சேர்க்காமல் வணிகக் கப்பலை மூழ்கடிக்கக் கூடாது. பக்கத்தில் கரையோ வேறு கப்பலோ இல்லாத நடுக்கடலில், உயிர்காப்புப் படகில் இறக்கிவிடுவது 'பாதுகாப்பான இடம்' ஆகாது. நிறுத்தச் சொல்லியும் நிற்காத கப்பலுக்கும் எதிர்த்து நிற்கும் கப்பலுக்கும் மட்டுமே விதிவிலக்கு. ஜெர்மனியும் அதே ஆண்டு இதை ஏற்றுக்கொண்டது.

மூன்று ஆண்டுகள் போயின. 1939 செப்டம்பர் 3, பிரிட்டன் போர் அறிவித்த சில மணி நேரத்தில், அத்தீனியா என்ற பயணிகள் கப்பலை யு-30 மூழ்கடித்தது. நூறுக்கும் மேற்பட்டோர் பலி. ஆயுதம் தாங்கிய கப்பல் என்று நினைத்துவிட்டேன் என்பது தளபதி லெம்ப் சொன்ன காரணம். தவறு நடந்தால் ஒப்புக்கொள்ளலாம். ஜெர்மனி என்ன செய்தது? அடியோடு மறுத்தது. நீர்மூழ்கியின் குறிப்பேடு திருத்தப்பட்டது. சர்ச்சில்தான் வேண்டுமென்றே மூழ்கடித்தார் என்று நாஜிப் பத்திரிகை எழுதியது. போர் முடிந்து நியூரம்பர்க் விசாரணை நடந்தபோதுதான் உண்மை அதிகாரபூர்வமாக வெளிவந்தது.

குழந்தைகள் இருந்த கப்பல்

1940 செப்டம்பர். லண்டன் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. குழந்தைகளையாவது கனடாவுக்கு அனுப்பிவிடலாம் என்று பிரிட்டிஷ் அரசே ஒரு திட்டம் போட்டது. அந்தத் திட்டத்தில் 90 குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது சிட்டி ஆஃப் பெனாரஸ், அதாவது காசி நகரத்தின் பெயர் கொண்ட கப்பல். 11,000 டன். ஊழியர்களில் பெரும்பகுதியினர் இந்தியர்கள். 'லஸ்கர்' என்று அப்போது அழைக்கப்பட்ட கப்பல் தொழிலாளர்கள்.

செப்டம்பர் 17 இரவு, அட்லாண்டிக் நடுவே, புயல் காற்றில், யு-48 ஏவிய டார்பிடோ கப்பலைத் தாக்கியது. கப்பலில் குழந்தைகள் இருப்பது நீர்மூழ்கிக்குத் தெரியாது. மற்ற கப்பல்களோடு கூட்டமாகப் போன கப்பல் என்பதால் அது நியாயமான இலக்கு என்றும் வாதிட இடமிருக்கிறது.

ஆனால் கூட வந்த கப்பல்கள் என்ன செய்தன? விதிப்படி, நிற்காமல் கலைந்து போயின. காவலுக்கு வந்த போர்க்கப்பல்களோ அதற்கு முன்பே பிரிந்து போயிருந்தன. ஹரிகேன் என்ற போர்க்கப்பல் வெகுதூரத்திலிருந்து வந்து சேர்ந்தது மறுநாள்தான். அதற்குள் பல படகுகளில் குழந்தைகள் குளிரில் விறைத்துப் போயிருந்தார்கள். 90 குழந்தைகளில் 77 பேர் இறந்தார்கள். கண்ணில் படாமல் போன ஒரு படகு மட்டும் எட்டு நாள் கடலில் அலைந்து மீட்கப்பட்டது. அதில் ஆறு சிறுவர்களும், அவர்களைக் கதை சொல்லியே உயிரோடு வைத்திருந்த மேரி கார்னிஷ் என்ற இசை ஆசிரியையும், பல இந்தியத் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

இந்தக் கதை பிரிட்டனில் குழந்தைகளின் கதையாகவே நினைவில் நிற்கிறது. அது நியாயம்தான். ஆனால் கப்பலின் கொதிகலனுக்குப் பக்கத்திலும் அடித்தளத்திலும் வேலை பார்த்து, மெல்லிய பருத்தி உடையோடு வட அட்லாண்டிக் குளிரில் இறந்த இந்தியர்களை யாரும் அதிகம் பேசுவதில்லை.

லகோனியா: எதிரி காப்பாற்ற வந்தபோது

இந்த வரலாற்றில் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டிப் போட்ட சம்பவம் 1942 செப்டம்பர் 12 அன்று நடந்தது. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால், 19,000 டன்னுக்கும் அதிகமான லகோனியா என்ற பிரிட்டிஷ் கப்பலை யு-156 மூழ்கடித்தது. கப்பலில் பீரங்கி இருந்தது, ராணுவத்தினர் இருந்தார்கள். இலக்கு என்ற அளவில் பெரிய சர்ச்சை இல்லை.

தளபதி வெர்னர் ஹார்ட்டென்ஸ்டைன் நீர்மூழ்கியை மேலே கொண்டுவந்தபோது இருட்டில் கேட்டது இத்தாலி மொழி. கப்பலில் இருந்த சுமார் 2,700 பேரில் 1,800 பேர் இத்தாலியப் போர்க்கைதிகள்! இத்தாலி அப்போது ஜெர்மனியின் கூட்டாளி. தன் கூட்டாளிகளையே அவர் மூழ்கடித்திருந்தார். அவர்களில் பலர் அடித்தளத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்ததால் வெளியே வரவே முடியாமல் போனார்கள்.

ஹார்ட்டென்ஸ்டைன் மீட்பு வேலையைத் தொடங்கினார். இத்தாலியர்களை மட்டும் அல்ல. பிரிட்டிஷ்காரர்களையும், பெண்களையும் சேர்த்தே. நீர்மூழ்கிக்குள்ளும் மேல்தளத்திலுமாக ஏறக்குறைய 200 பேர். கயிறு கட்டி இழுத்த நான்கு படகுகளில் இன்னும் 200 பேர். பிறகு அவர் செய்தது யாரும் எதிர்பார்க்காதது. எல்லோருக்கும் கேட்கும்படி, ஆங்கிலத்திலேயே, ரகசியக் குறியீடு எதுவும் இல்லாமல் வானொலியில் அறிவித்தார்: உதவிக்கு வரும் எந்தக் கப்பலையும் தாக்க மாட்டேன், என்னைத் தாக்காதவரை. தான் இருக்கும் இடத்தையும் சேர்த்தே சொன்னார். மேலும் இரண்டு ஜெர்மன் நீர்மூழ்கிகளும் ஒரு இத்தாலிய நீர்மூழ்கியும் மீட்புக்கு வந்தன.

செப்டம்பர் 16 அன்று அசென்ஷன் தீவிலிருந்து ஒரு அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் வந்தது. நீர்மூழ்கியின் மேல் பெரிய சிலுவைக் கொடி விரிக்கப்பட்டிருந்தது. பின்னால் படகுகள் நிறைய மனிதர்கள். விமானி தளத்தைக் கேட்டார். நீர்மூழ்கியை மூழ்கடி என்று பதில் வந்தது. குண்டுகள் விழுந்தன. ஒரு படகின் மேலேயே குண்டு விழுந்து அதில் இருந்தவர்கள் இறந்தார்கள். ஹார்ட்டென்ஸ்டைன் வேறு வழியில்லாமல் கயிற்றை அறுத்து, மேலே இருந்தவர்களைக் கடலில் இறக்கிவிட்டு, மூழ்கி மறைந்தார்.

பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து சேர்ந்து பெரும்பாலானோரை மீட்டன. மொத்தம் பிழைத்தவர்கள் சுமார் 1,100 பேர். இறந்தவர்கள் 1,600-க்கும் மேல். இரண்டு படகுகள் தனியே அலைந்தன. ஒன்று 27 நாள் கழித்து ஆப்பிரிக்கக் கரையைத் தொட்டபோது, 68 பேரில் உயிரோடு இருந்தது 16 பேர். இன்னொன்று 40 நாள் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டது. 52 பேரில் நான்கு பேர் மட்டுமே மிச்சம். ஹார்ட்டென்ஸ்டைனும் அவர் ஆட்களும் 1943 மார்ச்சில், இன்னொரு அமெரிக்க விமானத் தாக்குதலில் ஒருவர் மிச்சமில்லாமல் இறந்தார்கள்.

குண்டு வீச்சுக்கு மறுநாளே, ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் கார்ல் டோனிட்ஸ் எல்லா நீர்மூழ்கிகளுக்கும் உத்தரவு அனுப்பினார். மூழ்கும் கப்பல்களில் இருந்தவர்களை மீட்கக் கூடாது. தண்ணீரில் இருப்பவர்களைத் தூக்குவதோ, கவிழ்ந்த படகை நிமிர்த்துவதோ, உணவு தண்ணீர் கொடுப்பதோ கூடாது. 'லகோனியா உத்தரவு' என்று வரலாறு இதைச் சொல்கிறது.

'அவனும்தானே செஞ்சான்?'

போர் முடிந்து நியூரம்பர்க்கில் டோனிட்ஸ் விசாரிக்கப்பட்டார். பிழைத்தவர்களைக் கொல்லச் சொன்னார் என்பது உறுதியாக நிரூபிக்கப்படவில்லை; ஆனால் அந்த உத்தரவு தெளிவற்றது, கடுமையான கண்டனத்துக்குரியது என்றது தீர்ப்பாயம். மீட்கக் கூடாது என்று சொன்னதன் மூலம் 1936 நெறிமுறையை அவர் மீறினார் என்றும் சொன்னது.

ஆனால் தண்டனையில் இந்த மீறல் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஏன்? ஸ்கேகராக் கடல் பகுதியில் கண்ட கப்பலையெல்லாம் மூழ்கடிக்கும்படி 1940-லேயே பிரிட்டன் உத்தரவிட்டிருந்தது. போரில் இறங்கிய முதல் நாளிலிருந்தே பசிபிக்கில் அமெரிக்காவும் அப்படித்தான் செய்தது என்று அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸே எழுத்துபூர்வமாகப் பதில் அளித்திருந்தார். எல்லோரும் செய்ததை ஒருவருக்கு மட்டும் எப்படிக் குற்றமாக்குவது? மற்ற குற்றங்களுக்காக டோனிட்ஸுக்குப் பத்து ஆண்டு சிறை கிடைத்தது.

தண்ணீரில் தத்தளிப்பவர்களைச் சுட்டதிலும் ஜெர்மனிக்கு மட்டும் உரிமை கொண்டாட முடியாது. 1915-ல் அமெரிக்கக் கொடியைப் போர்வையாகப் பயன்படுத்திய பாரலாங் என்ற பிரிட்டிஷ் கப்பல், மூழ்கிய யு-27 நீர்மூழ்கியிலிருந்து தப்பியவர்களைச் சுட்டுக் கொன்றது. யாரும் தண்டிக்கப்படவில்லை. லகோனியா மீட்பின்மீது குண்டு போட்டவர்களும் தண்டிக்கப்படவில்லை.

அதே நேரம், ஒரு கோடு மட்டும் அழியாமல் நின்றது. 1944-ல் பெலியஸ் என்ற கிரேக்கக் கப்பலை மூழ்கடித்த யு-852 தளபதி ஹைன்ஸ் எக், மிதவைகளில் இருந்தவர்கள் மீது இயந்திரத் துப்பாக்கியால் சுடச் செய்தார். தடயம் இருந்தால் விமானங்கள் தேடி வரும், லகோனியாவில் என்ன ஆனது தெரியுமா என்பது அவர் தரப்பு. பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் ஏற்கவில்லை. 1945 நவம்பரில் அவரும் இன்னும் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அதாவது, 'காப்பாற்ற முடியவில்லை' என்பதைச் சட்டம் ஓரளவு மன்னித்தது. 'கொன்றேன்' என்பதை மன்னிக்கவில்லை.

இன்றைக்கு இதற்கு என்ன?

1949-ல் வந்த இரண்டாவது ஜெனீவா ஒப்பந்தம் இந்த வரலாற்றின் பிள்ளை. கப்பல் மூழ்கி நீரில் தத்தளிப்பவர், எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், பாதுகாக்கப்பட வேண்டியவர். ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும், தாமதமில்லாமல், முடிந்த எல்லா வழிகளிலும் அவர்களைத் தேடி மீட்க வேண்டும் என்கிறது அது. 'முடிந்த' என்ற சொல் நீர்மூழ்கிக்காரரின் நெருக்கடியை ஒப்புக்கொள்கிறது. 'எல்லா வழிகளிலும்' என்ற சொல் அவர் சும்மா கைகழுவிப் போவதைத் தடுக்கிறது. நீங்கள் நிற்க முடியாதா? நிற்கக்கூடியவருக்குத் தகவலாவது சொல்லுங்கள். ஹார்ட்டென்ஸ்டைன் வானொலியில் செய்தது அதைத்தானே?

இது பழங்கதை அல்ல. 2024 மார்ச்சில் ஏடன் வளைகுடாவில் ஹூதிகளின் ஏவுகணை ட்ரூ கான்ஃபிடன்ஸ் என்ற சரக்குக் கப்பலைத் தாக்கி மூன்று ஊழியர்கள் இறந்தபோது, அங்கே போய் 21 பேரை மீட்டது ஐ.என்.எஸ். கொல்கத்தா. 2025 செப்டம்பரில் கரீபியன் கடலில் ஒரு படகின் மீது அமெரிக்கா நடத்திய தாக்குதலில் உயிர் தப்பியவர்கள் மீது இரண்டாவது முறையும் தாக்குதல் நடந்ததாகச் செய்தி வெளியானபோது, சட்ட அறிஞர்கள் உடனே எடுத்துப் பேசியது நூறாண்டு பழைய லேண்டோவரி காசில் வழக்கைத்தான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் போர்ச் சட்டக் கையேடே, கப்பல் மூழ்கித் தத்தளிப்பவர்களைச் சுடச் சொல்லும் உத்தரவைக் கீழ்ப்படியக் கூடாத உத்தரவுக்கு உதாரணமாகச் சொல்கிறது.

பெரிய கப்பல் ஒன்று மூழ்கடிக்கப்பட்டால், அது நியாயமான இலக்கா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தோட்டா இருந்ததா, பீரங்கி இருந்ததா, கூட்டத்தோடு போனதா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த ஒரே கேள்வியோடு நின்றுவிட்டால் இரண்டாவது கேள்வி மறைந்துவிடுகிறது: அதற்குப் பிறகு தண்ணீரில் இருந்தவர்களுக்கு என்ன செய்தீர்கள்? முதல் கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒரு வக்கீலை வைத்திருக்கும். இரண்டாவது கேள்விக்கு, 'அவனும்தானே செய்தான்' என்பதைத் தவிர வேறு பதிலை எந்த நாடும் இதுவரை சொன்னதில்லை. அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், அடுத்த கப்பலில் போகிறவரின் உயிர்காப்புப் படகில் ஒரு ஓட்டை விழுகிறது. அந்தக் கப்பலில் வேலை பார்க்கிறவர் அநேகமாகப் போரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, ஆசிய நாடு ஒன்றிலிருந்து பிழைப்புக்குப் போன மாலுமியாகத்தான் இருப்பார்.